முன்னால் வரும் பெயர்

செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், விடிந்து கொஞ்ச நேரத்தில், சுவிசின் துர்காவ் மாநிலத்தில் சோளம் வெட்டி முடிந்த ஒரு வயலின் மூலையில் நின்றுகொண்டு வினோதா தன் தகப்பனின் பெயருக்கு வெள்ளைப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலை. இன்றோடு சரி. கறுப்புக் கதவில் 'கனகசபை' என்று ஆங்கில எழுத்துகள் பதினொன்று. முன் கதவில் எட்டுத்தான் அடங்கும். மிச்சம் மூன்றும் பின் கதவுக்குப் போய்விடும். ஒருமுறை யாரோ இடித்ததில் முன் கதவின் தகடு முழுவதும் கிழிந்துபோய், பின் கதவில் 'பாய்' என்று வாசிக்கும் மூன்றெழுத்து மட்டும் மிஞ்சியது. சனமெல்லாம் அவளைப் பார்த்துக் கையசைத்து 'பாய் பாய்' சொன்னது. அன்றைக்கு அவளுக்கும் சிரிப்பு வந்தது. இன்றைக்கு அதை நினைத்தபோது வரவில்லை. இடது கை தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் விறைத்துக் கிடந்தது. பெயின்ட் பேணியை அந்தக் கையால் பிடிக்க முடியாமல் கார்க் கூரையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டி எட்டித் தூரிகையைத் தோய்த்தாள்.

ஸ்டாக் கார் என்றால் ஏதோ பளபளக்கும் பந்தயக் கார் என்று நினைத்துவிடக் கூடாது. வீதியில் ஓடித் தேய்ந்த சாதாரணக் கார்தான். கண்ணாடிகளைக் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, கதவுகள் திறக்காதபடி வெல்டிங் செய்துவிடுவார்கள். வயலில் வெட்டிய வட்டப் பாதையில் இருபத்தைந்து கார்கள் ஒன்றாக ஓடும். இடிக்கலாம். பாதிப் பேர் வருவதே இடிக்கத்தான். கார்ப் பந்தயத்துக்குச் சுவிஸ் சட்டம் எத்தனையோ காலமாக முகம் சுளித்துக்கொண்டிருந்ததால், வருடத்தில் ஒன்றிரண்டு தடவைதான் இப்படி வயல்களில் அனுமதி கிடைக்கும். மற்ற ஞாயிறுகளில் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஜெர்மனிப் பக்கம் போவார்கள். போய், இடித்து நொறுக்கி, திரும்பி வந்து, திங்கட்கிழமை ஒன்றும் நடவாததுபோல அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

வினோதாவின் வேலை வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில். காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கும். பதினொரு பேரை எழுப்ப வேண்டும், கழுவ வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், கதிரையில் இருத்த வேண்டும். பிறகு திரும்பவும் படுக்கையில் கிடத்த வேண்டும். நாற்பத்தொரு வயது. இருபது வருடம் ஆட்களைத் தூக்கியதும் பத்தொன்பது வருடம் கார்களில் இடிபட்டதும் சேர்ந்து கழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. கழுத்தெலும்புகளுக்கு நடுவில் ஏதோ பிதுங்கி நரம்பை நெரிக்கிறது என்று ஜூன் மாதம் டாக்டர் படத்தைக் காட்டினார். இன்னும் ஒரு பெரிய இடி வாங்கினால் அந்தக் கை திரும்பி வராது என்றும் சொன்னார். பிறகு, கை இல்லாமல் நீங்கள் எப்படி ஆட்களைத் தூக்குவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் அன்றைக்கே பந்தயத்தை நிறுத்துவதென்று தீர்மானித்துவிட்டாள். கவலைப்படக்கூட உடம்பில் தெம்பு இருக்கவில்லை.

ஒரே ஒரு ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. அப்பா ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு பந்தயத்துக்கும் வந்ததில்லை. வருடாவருடம் கேட்டாள். போன மாதம் கடைசித் தடவையாகப் போய்க் கேட்டாள். இதுதான் கடைசி ஓட்டம், சரியாக ஓடினாலும் ஓடாவிட்டாலும் இத்தோடு முடிந்தது, ஒருக்கால் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "பாப்பம்" என்றார். அப்பாவின் பாஷையில் 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்குப் பால்குடிக் காலத்திலிருந்தே தெரியும்.

அவருக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், அந்தக் கதை பெயரில்தான் தொடங்குகிறது.

கனகசபை திருகோணமலைக்காரர். 1986-இல் சுவிசுக்கு வந்து அகதியாகப் பதிந்தபோது ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் 'நாமெ' என்று இருந்தது. பெயர் கேட்கிறார்கள் என்பது விளங்கியது. கனகசபை என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் 'ஃபோர்நாமெ' என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவர் ஆறு மாதம் முந்தி வந்தவர், ஜெர்மன் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர். 'ஃபோர்' என்றால் முன்னுக்கு என்று விளக்கம் கொடுத்தார். அதில் பிழையும் இல்லை. முன்னுக்கு வருகிற பெயர். நம்முடைய ஆட்களுக்குப் பெயருக்கு முன்னால் என்ன வரும்? தகப்பன் பெயர்தானே வரும். தி. கனகசபை என்றுதான் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிவந்தவர். ஆகவே அந்தக் கட்டத்தில் தில்லைநாதன் என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் வைத்தார். சுவிஸ்காரனுக்கு 'நாமெ' என்றால் குடும்பப் பெயர், 'ஃபோர்நாமெ' என்றால் ஆளைக் கூப்பிடும் பெயர். இப்படியாக, செத்துப்போன தகப்பனின் பெயர் மகனைக் கூப்பிடும் பெயராகிவிட்டது. மகனின் பெயர் குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்தது. யாரை நோவது? அந்தக் காலத்தில் வந்த எங்கள் சனத்தில் பாதிப் பேர் இப்படித்தான் தலைகீழாகப் பதிந்துகொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு வின்டர்தூரில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. சமையலறையில் யாரும் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தில்லை' என்றார்கள். தில்லை, சட்டி. தில்லை, குப்பை. தில்லை, எங்கே போய்த் தொலைந்தாய். ஊரில் தில்லைநாதன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அவருக்கு முன்னால் பெற்ற பிள்ளைகள்கூடக் கதிரையில் உட்கார்ந்ததில்லை. அந்த மனிசனின் பெயரைச் சொல்லி, இருபது வயதுச் சமையல்காரன்கள் இருபத்தேழு வருடம் கத்தினார்கள். கனகசபை ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து, ஓம் என்பதற்கு 'யா' என்று சொல்லிக்கொண்டு போனார். பெயரை மாற்றப் பிறப்புச் சான்று வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும், தூதரகத்துக்கு அலைய வேண்டும் என்றார்கள். இரண்டு தடவை போய் வந்து, களைத்து விட்டுவிட்டார். தன் சொந்தப் பெயரால் தன்னைக் கூப்பிட இந்த நாட்டில் ஆள் இல்லை என்பது அவருக்குப் பழகிப்போனது. கோயிலில் நாலு பேர் 'கனகசபை அண்ணை' என்பார்கள். அவ்வளவுதான்.

வினோதாவும் தாய் பத்மினியும் 1991-இல் வந்து சேர்ந்தார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் வினோதா கனகசபை. அதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை, அவள் கார் ஓட்டத் தொடங்கும்வரை.

அதுவும் அவள் தேடிப் போய்த் தொடங்கியதல்ல. 2005-இல், முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்த ரெகுலா என்ற பெண் தன் தம்பி ஓடுகிறான் என்று ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குப் பார்த்துத் தம்பிக்குக் காலையிலேயே கை முறிந்துவிட்டது. கார் சும்மா நிற்கிறதே, மத்தியானம் பெண்களுக்கென்று பத்துச் சுற்று ஓட்டம் இருக்கிறது, அதில் ஏறு என்றாள் ரெகுலா. லைசன்ஸ் எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வினோதா ஜன்னலால் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்க, இவள் மட்டும் யாரையும் முட்டாமல், வலப்பக்கம் இடப்பக்கம் பார்த்து, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி ஓட்டிக்கொண்டு போய் இரண்டாவதாக வந்துவிட்டாள். இறங்கியதும், அடுத்த ஓட்டம் எப்போது என்று ரெகுலாவைக் கேட்டாள். 

அடுத்த வருடம் அவள் பெண்கள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. பெரிய ஓட்டத்துக்குக் கொடுத்தாள். கிளப்பில் அதுவரை எந்தப் பெண்ணும் ஆண்களோடு ஓடியதில்லை. விதியில் தடை என்று எங்கும் எழுதியிருக்கவுமில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் மறுக்கவுமில்லை. இவள் கேட்டதும் ஒரு உணவகத்தின் பின்னறையில் கூட்டம் வைத்தார்கள். மூன்று மணித்தியாலம் கதைத்து, கை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். பதினாலுக்குப் பதினொன்று. உள்ளே வந்துவிட்டாள். அவளுக்குப் பிறகு இன்றைக்கு ஆறு பெண்கள் ஓடுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லைத்தான்.

பெரிய ஓட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஓட்டுபவரின் குடும்பப் பெயர் கதவில் ஒரு சாண் உயரத்தில் எழுதப்பட வேண்டும். அவள் கனகசபை என்று எழுதினாள். மூன்றாவது ஓட்டத்தில் கார் இரண்டு தடவை புரண்டு தலைகீழாய்க் கிடந்தது. அவளுக்குக் காயமில்லை. மறுநாள் ரயில் நிலையங்களில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகையில் படம் வந்தது. கீழே ஒரே வரி: 'கனகசபை தலைகீழானார்.'

காலை ஒன்பது மணிக்குப் பூம்ப்ளிஸ் என்ற ஊரிலிருந்து குகநாதன் என்ற பழைய சிநேகிதர் போன் எடுத்தார்.

"என்ன கனகசபை அண்ணை, கவிண்டுபோனியளாம்? பேப்பரிலை கிடக்கு."

பிறகு கூர் நகரிலிருந்து ஒருவர். பிறகு கோயில் ஆட்கள். அந்த வருடம் தேர்த் திருவிழாவில் அவரைக் கண்டவர்களெல்லாம், இப்ப நிமிந்திட்டியளோ அண்ணை என்று சுகம் விசாரித்தார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பகிடி என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். கனகசபை ஐந்து மாதம் மகளோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. கதைத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கதவு திறக்காத காரிலை எப்பிடி ஏறுறனீ? என்ரை பேருக்கு மேலை காலை வைச்சுத்தானே ஏறுறாய்? அதை அழி."

அவள் விதியைச் சொன்னாள். கதவைத் திறக்கவே முடியாது, ஜன்னலால்தான் ஏற வேண்டும், கால் வைக்க வேறு இடமில்லை என்றாள். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மை சொன்னால் கோபம் ஆறும் என்று யார் சொன்னது?  அவர் மகளுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். கல்யாணம் முடிந்தால் குடும்பப் பெயர் மாறிவிடும் என்பது அவருடைய கணக்கு. ஒரு பெயரைக் கதவிலிருந்து இறக்குவதற்காக மாப்பிள்ளை தேடிய தகப்பன் உலகத்தில் இவராகத்தான் இருக்கும்.

பல வருடம் தேடிய தேட்டத்தில் நல்ல ஆள்தான் கிடைத்தான். சுபேசன், வின்டர்தூரில் பஸ் ஓட்டுகிறவன். கோபமே வராதவன். அவள் கார் இடிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டு, நான் நாள் முழுக்க ஒருத்தரையும் இடிக்காமல் ஓட்டிறன், நீராவது இடியும் என்றானாம். 2013-இல் பதிவுத் திருமணம். அந்த வருடம்தான் சட்டம் மாறி, பெண்ணும் தன் பெயரையே வைத்திருக்கலாம் என்று வந்திருந்தது. பதிவாளர் அம்மா எந்தப் பெயர் என்று கேட்டாள். கனகசபை என்றே இருக்கட்டும் என்றாள் வினோதா. பின் வரிசையில் பட்டுவேட்டியோடு இருந்த கனகசபை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அவமதிக்க அவள் அப்படிச் சொல்லவில்லை. எட்டு வருடமாக அந்தப் பெயரைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் பூசியவள். அதை எப்படி விடுவது? இதை அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் வீடுகளில் முக்கியமான விஷயத்தை வாய் திறந்து கதைக்கிற வழக்கம் எப்போது இருந்தது?

அம்மா ஒரே ஒரு தடவை வந்தாள். 2014-இல், வினோதா வருடாந்தக் கோப்பையை வென்ற நாள். அப்பாவுக்குக் கோயிலென்று பொய் சொல்லிவிட்டு வந்து, தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்குப் பொரியலைக் கையில் வைத்தபடி ஓட்டம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னாள்:

"நான் பாக்கேல்லைப் பிள்ளை. ஆனா கேட்டனான். என்ரை வாயாலை ஒருநாளும் சொல்லாத பேரை இவ்வளவு சனமும் நிண்டு கத்துது."

புருஷன் பெயரைச் சொல்லாமலே வாழ்ந்தவள், சொல்லாமலே 2021-இல் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பாவும் தொலைக்காட்சியும்தான். வினோதாவுக்கு வேலையும் காரும் அப்பாவுக்கான சமையலும் என்று நாள்கள் ஓடின. எதிலும் ருசி இல்லை. பந்தயத்துக்குப் போகும் வழியில் டிரெய்லர் வாகனத்திலேயே நித்திரை கொண்டாள். ஓட்டத்தில் பிடிப்பு விட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. அப்படியென்றால் ஏன் விடவில்லை? அப்பா இன்னும் வந்து பார்க்கவில்லையே. ஒரு மனிசி தன் கழுத்தை அடகு வைத்துக் காத்திருக்கக்கூடிய காரணம்தானா இது?

இந்த வருடம் மார்ச்சில் அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில், ஒரு காலத்தில் பால் லொறி ஓட்டிய துர்காவ் கிழவர் ஒருவர். பெயர் அம்மான். சுவிஸ் பெயர்தான், ஆனால் அப்பா கூப்பிடும்போது தாய்மாமனைக் கூப்பிடுவதுபோலவே இருந்தது. வேலை முடிந்து பார்க்கப் போன வினோதாவைக் கண்டதும் அந்தக் கிழவர் எழும்பி உட்கார்ந்தார். கனகசபை என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். பதினைந்து வருடமாக அவள் ஓட்டத்தைப் பார்க்கிறவராம். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அட்டையை நீட்டி அதில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நர்ஸ் வந்து அப்பாவை 'ஹெர் கனகசபை', அதாவது திரு. கனகசபை, என்று கூப்பிட்டதும், நீங்கள் அந்தக் கனகசபையா என்று முதல் நாளே கேட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அப்பா என்ன பதில் சொன்னார் என்று வினோதா கேட்டாள். 'யா' என்று அப்பா சொன்னதாகச் சொன்னார் அம்மான். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வினோதாவுக்கு அன்றைக்குப் பன்னிரண்டு மணித்தியால வேலை. மேற்கொண்டு எதையும் யோசிக்காமல் தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இதோ, செப்டம்பர் ஞாயிறு. பெயின்ட் காய்ந்துவிட்டது. அவள் வீட்டிலிருந்து ஒரு மடக்குக் கதிரையும் மெத்தையும் கொண்டுவந்து, தொத்திறைச்சிக் கடைக்குப் பக்கத்தில் மண் திட்டியில் விரித்துவைத்திருந்தாள். எங்கே கதிரை இருக்கும் என்று அப்பாவுக்குச் சொல்லியும் இருந்தாள்.  சுபேசன் அவளுடைய பெல்ட்டை இறுக்கிவிட்டு, இடது கையைத் தூக்கி ஸ்டியரிங்கில் வைத்துவிட்டான்.

"கவனம். இண்டைக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் காட்டத் தேவையில்லை."

காட்டத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். தலைக்கவசத்தை மூடிக்கொண்டாள்.

இருபத்தைந்து சுற்று. முதல் சுற்றில் திட்டியைப் பார்த்தாள். கதிரை வெறுமையாக இருந்தது. இரண்டாவது சுற்றிலும் அப்படித்தான். பார்த்துக்கொண்டே ஓட்டியதால் ஆறாவது இடத்திலிருந்து பதினொன்றுக்குப் போய்விட்டாள். ஏழாவது சுற்றில் கதிரையில் யாரோ இருப்பது தெரிந்தது. எட்டாவது சுற்றில் வந்து பார்த்தால், தொப்பி போட்ட பெண்பிள்ளை ஒருத்தி ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வினோதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புழுதி, வளைவு, புழுதி. யாரை முந்துகிறாள், யார் முந்துகிறார்கள் என்பதெல்லாம் எப்போதோ பிடிவிட்டுப் போயிருந்தது. பதினாலாவது சுற்றில் ஒரு சிவப்புக் கார் பின்னால் வந்து மெதுவாகத்தான் தட்டியது. ஒரு காலத்தில் அப்படியொரு தட்டலை அவள் ஒற்றைக் கையால் சமாளித்திருப்பாள். கார் சுழன்று, வைக்கோல் கட்டில் பக்கவாட்டாக மோதி, ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்ப நின்றுபோனது. திரும்ப இயக்கினாள். இருமியது. அவ்வளவுதான்.

கார் நின்றுவிட்டால் ஓட்டம் முடியும்வரை இறங்கக் கூடாது என்பது விதி. பெல்ட்டைக் கட்டியபடி, கூண்டுக்குள் அவள் இருந்தாள். கழுத்து வலித்தது, ஆனால் கை விரல்கள் அசைந்தன. அசைத்துப் பார்த்தாள். நல்லது, திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். மற்றவர்கள் பதினொரு சுற்று ஓடி முடிக்கும்வரை அந்தப் புழுதிக்குள் இருந்து அவள் அழுதாள். வெல்லாததற்காக அழவில்லை. வெறும் கதிரைக்காக அழுதாள். பத்தொன்பது வருடம், அப்பா. ஒரு மத்தியானம் உங்களுக்கு வரமுடியவில்லையா?

ஓட்டம் முடிந்து எஞ்சின்கள் அடங்கின. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார். முதல் மூன்று இடங்களைச் சொல்லிவிட்டு, இன்று எங்களிடமிருந்து விடைபெறுகிற ஒருவர் இருக்கிறார் என்றார். இந்தக் கிளப்பில் ஆண்களோடு ஓடிய முதல் பெண். பத்தொன்பது வருடம், நூற்று அறுபத்திரண்டு ஓட்டம், ஒரு கோப்பை, எண்ண முடியாத கதவுகள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. கனகசபை, கனகசபை என்று ஒரே சத்தம். அறிவிப்பாளர் குரலை உயர்த்தினார்: "கனகசபை, முன்னால் வாருங்கள்."

வினோதா பெல்ட்டைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தாள். இடது கை உதவவில்லை. சுபேசன் ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்க, ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்து, கால்களை வெளியே தொங்கப்போட்டு மூச்சு வாங்கினாள். அப்போதுதான் கண்டாள்.

நேரம் கணிக்கிறவர்களின் லொறிக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார். கல்யாணங்களுக்குப் போடும் மண்ணிறக் கோட்டு, மினுக்கிய சப்பாத்து. வைக்கோல் கட்டைத் தாண்டக் கஷ்டப்பட்டு, அம்மான் கிழவர் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்க, இந்தப் பக்கம் இறங்கினார். அன்று காலை யாருக்கும் சொல்லாமல் ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்தவரை அம்மான் சந்தியில் நின்று கூட்டிவந்தது பிறகுதான் தெரியவந்தது. கதிரைப் பக்கம் போனால் மகள் கண்டுவிடுவாள் என்று கூச்சப்பட்டு லொறிக்குப் பின்னால் நின்றாராம். இப்போது எந்தக் கூச்சமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் டாப்பில் பெயர் கூப்பிடும்போது தூக்குவதுபோல வலது கையைத் தூக்கிக்கொண்டு, உழுத மண்ணில் இடறி இடறி, மேடை என்று நிறுத்திவைத்த டிராக்டர்ப் பெட்டியை நோக்கி நடந்தார்.

"ஓம், வாறன்," என்றார். "வாறன்."

கொடி பிடிக்கும் ஒருவன் மறித்து, நீங்கள் யார் என்று கேட்டான். கனகசபை என்று அவர் சொன்னார். அவன் அவரைப் பார்த்தான், காரின் கதவைப் பார்த்தான், வழி விட்டான். சுபேசன் பதறிப்போய், மாமா பிழையாய் விளங்கிக்கொண்டார், போய்க் கூட்டிவருகிறேன் என்று புறப்பட்டான். வினோதா அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடும். அவரைத்தான் கூப்பிடுகினம். போகட்டும்."

முப்பத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் அவர் செத்துப்போன தகப்பனின் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவர். இன்றைக்கு முதல் தடவையாக அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி, அதுவும் முன்னால் வா என்று, ஆயிரம் பேர் கூப்பிடுகிறார்கள். எழும்பாமல் என்ன செய்வார்?

டிராக்டர்ப் பெட்டியில் இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். அறிவிப்பாளர் குழம்பிப்போய்ச் சிரித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, ஓ, இன்னொரு கனகசபையும் இருக்கிறாரே என்றார். ஃபோர்நாமெ என்ன என்று கேட்டு, ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார்.

 அப்பா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் வாங்கினார். கோட்டைக் கீழே இழுத்துச் சரிசெய்தார். அந்தச் சொல்லின் அர்த்தம் இப்போது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொள்ள இருபத்தேழு வருடம் கோப்பை கழுவியவர்.

"நாமெ, கனகசபை," என்றார்.   "ஃபோர்நாமெ, வினோதா."

சொல்லிவிட்டுக் காரின் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். சனம் ஆரவாரித்தது. அவர் சரியாகச் சொன்னாரா பிழையாகச் சொன்னாரா என்று அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது. பெயருக்கு முன்னால் தகப்பனை வைத்தவர் இப்போது அந்த இடத்தில் மகளை வைத்திருக்கிறார்.

வினோதா குனிந்து பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த சப்பாத்து இரண்டும் வெள்ளை எழுத்துகளின் மேல் இருந்தன. கால்களை மெல்ல மேலே எடுத்துக்கொண்டு, கூரையைப் பிடித்து, சுபேசனின் தோளில் சாய்ந்து, எஞ்சின் மூடிப் பக்கமாகச் சறுக்கி இறங்கினாள். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பா மேடையில் காத்துக்கொண்டு நின்றார்.